கிளீட்டஸுக்கு மட்டும் பாடிய போன்

மீன் ஏலம் விடுகிறவன் கை எப்போதும் சுத்தமாக இருக்காது. செதிலும் சேறும் ஐஸ் தண்ணீருமாக இருக்கும் கையால் போனைத் தொட்டால் போன் கெடும், அதோடு வீட்டில் மனைவி பிரிஜித்தாவின் வாயிலும் விழ வேண்டும். அதனால்தான் மங்களூரில் நர்ஸிங் படிக்கும் மகள் ஷெரின், அப்பன் கிளீட்டஸுக்கென்று அந்த மலிவுப் பாட்டுச் சந்தாவைத் தேடிப் பிடித்தாள். மாசம் அம்பது ரூபாய்கூட ஆகாது. திரையைத் தடவித் தேடுவது, பிடித்த பாட்டைப் பொறுக்கி வைப்பது எதுவும் அதில் கிடையாது. வாயால் கேட்டால் பாடும், கேட்காவிட்டால் ஊமை.

"வாயாலதானே? அப்ப எனக்குன்னே செஞ்சிருக்கான்," என்றான் கிளீட்டஸ்.

அதில் பொய்யில்லை. நீண்டகரை மீன்பிடித் துறையில் இத்தனை வருஷமும் அவனுக்குச் சோறு போட்டது அந்த வாய்தான். சின்ன வயதில், படகில் ஏறினாலே குடல் வெளியே வரும்படி வாந்தி எடுக்கிறவன் என்று ஊரே அவனைக் கேலி செய்தது. மீன்பிடிக்கிற அப்பனுக்கு அது தலைகுனிவு. ஒருநாள் ஏலக்காரர் வரவில்லை. கூடைகள் வெயிலில் காய்ந்தன. இவன் விளையாட்டாக ஒரு பெட்டிமேல் ஏறி நின்று கூவினான். இஞ்சின் இரைச்சலையும் காக்கைக் கூச்சலையும் தாண்டி அந்தக் குரல் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை போனது. அதன்பிறகு வாந்தியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சந்தா வந்த புதிதில் துறையில் ஒரே கூத்து. இவன் பழைய சினிமாப் பாட்டைக் கேட்பான், பின்னால் ஐஸ் உடைக்கிறவன் கல்யாணப் பாட்டைக் கேட்பான், போனும் யார் பேச்சையும் தட்டாமல் மாற்றி மாற்றிப் பாடும். பொறுக்க முடியாமல், லீவுக்கு வந்திருந்த ஷெரின் அதற்கு அப்பன் குரலை மட்டும் பழக்கிவிட்டாள். அதன்பிறகு பிரிஜித்தா கேட்டால்கூட அது அசையாது.

"உங்கப்பச்சன் மாதிரியேதான். நான் சொன்னா மட்டும் காது கேக்காது," என்றாள் அவள் மகளிடம்.

பக்கத்து வீட்டுத் திரேசியாச் சேச்சிக்கு நிஜமாகவே காது மந்தம். கோயிலில் பாதிரி அச்சனின் பிரசங்கம் அவள் காதில் ஏறாது. கிளீட்டஸ் தன் வீட்டுக்குள்ளிருந்து போனிடம் பாட்டுக் கேட்பது மட்டும் ஏறும்.

அப்படிப்பட்ட தொண்டையில்தான் முண்டு, ஒரு சின்னக் கட்டி, வந்தது. மழைக்காலத்தில் விசைப்படகுகளுக்குத் தடை, துறையில் ஏலமும் இருக்காது, அந்த ஓய்விலேயே அறுத்துவிடலாம் என்றார் டாக்டர். அறுத்த பிறகு சில வாரங்களுக்கு மூச்சுக் காட்டக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்றார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பிரிஜித்தாவே பேசினாள். போன் அரிசி டப்பா பக்கத்தில் ஊமையாகக் கிடந்தது.

கெடு முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் அவனைத் தன் பேரைச் சொல்லச் சொன்னார். சொன்னான். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஏதோ வந்தது.

"அருமையா ஆறியிருக்கு. இனி இதுதான் உங்க குரல். தடை முடிஞ்சதும் தாராளமா வேலைக்குப் போங்க," என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரிஜித்தா நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாயைப் பொத்தி ஒரு விரலைக் காட்டினான். இன்னும் ஒரு மாசம் பேசக் கூடாதாம். கட்டிய மனைவியிடம் கூசாமல் பொய் சொல்கிறோமே என்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்தக் குரலை யார் காதிலும் போட அவனுக்குப் பயம். கடலும் கைவிட்டு இந்தக் குரலும் கைவிட்டால் அவன் யார்?

தடை முடிய ஒரு வாரம் இருக்கும்போது படகு முதலாளி ஸ்டான்லி வந்து முற்றத்தில் நின்றார்.

"கிளீட்டஸே, முத நாள் ஏலத்துக்கு நீ நிக்கிறியா, இல்ல அந்த ஜோண்சன் பயல நிறுத்தட்டுமா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஒரு முடிவச் சொல்லு. வாய் வரலேன்னா தலையவாவது ஆட்டு."

அவர் போனதும் கிளீட்டஸ் போனை எடுத்துக்கொண்டு கொல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனான். போன் அடையாளம் கண்டுகொண்டால் துறையும் கண்டுகொள்ளும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. பாட்டைக் கேட்டான். போன் அசையவில்லை. கொஞ்சம் உரக்கக் கேட்டான். வாயருகே வைத்துக் கெஞ்சாத குறையாகக் கேட்டான். யாரோ வழிப்போக்கன் பேசுகிற மாதிரி அது சும்மா இருந்தது. அவனுக்கு அழுகை முட்டியது.

"பேசக் கூடாதுன்னு விரலக் காட்டின மனுஷன் இங்க யாருகூடக் கொஞ்சிக்கிட்டிருக்காரு?"

பின்னால் மத்திச் சட்டியோடு பிரிஜித்தா. மாட்டிக்கொண்டான். அவள் அவனைத் திட்டவில்லை, நேராகத் தன் போனில் மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி அதை அவன் பக்கம் நீட்டினாள்.

"அவ்வளவுதானா அப்பச்சா? பழைய குரல அழிச்சிட்டு புதுசா நாலு வாக்கியம் சொல்லிக் குடுத்தாப் போதும்," என்றாள் ஷெரின்.

"அழிக்க வேண்டாம் மோளே." கரகரவென்று வந்தது. "அதுவும் போச்சுன்னா அந்தக் குரல் வேற எங்கயும் இல்ல."

பிரிஜித்தா சட்டியைத் தொட்டி விளிம்பில் வைத்தாள்.

"இல்லன்னு யாரு சொன்னா? கல்யாணம் ஆன நாள்லேருந்து என் காதுக்குள்ள கத்திக்கிட்டுதான் இருக்கு. அத எந்தப் போன் அழிச்சிடும்? நீங்க அதுல இருக்கறத அழிங்க."

ஷெரின் சொல்லச் சொல்ல அழித்தான். புதிதாக வாக்கியங்களைச் சொன்னான். எந்தக் கேள்வியும் கேட்காமல் போன் அவனை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு சுளுவாக ஏற்றுக்கொண்டதில் அவனுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"உனக்கு என்ன பாட்டு வேணும்டீ?" என்றான். சந்தா எடுத்த நாளிலிருந்து அவளிடம் இதைக் கேட்டதே இல்லை என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

"பாட்டும் வேண்டாம், கூத்தும் வேண்டாம். நான் ஒருத்தியே பேசிப் பேசி எனக்கும் தொண்டையில முண்டு வந்துடும் போல. நீங்க பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"வேற என்ன தெரியும் உங்களுக்கு? இந்த மத்திய ஏலம் விடுங்க."

சிரிப்பு வந்தது அவனுக்கு. சட்டியைக் கையில் தூக்கினான்.

"மத்தி! நெய் வடியுற மத்தி! யாரு கேக்குறா?"

"இருபது ரூபா," என்றாள் பிரிஜித்தா.

"இருபதா! பூனைகூட இருபதுக்குக் கேக்காது! முகத்தப் பாருங்க, கண்ணப் பாருங்க! அம்பதுக்கு யாரு?" குரல் கீறிக்கொண்டே ஏறியது. பழைய குரல் மணி போல வழுக்கிக்கொண்டு போகும். இது ஒவ்வொரு சொல்லையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

"முப்பது. அதுக்கு மேல ஒரு காசு தர மாட்டேன்."

"முப்பது ஒரு தரம்! முப்பது ரெண்டு தரம்!"

"நூறு!"

இருவரும் திரும்பினார்கள். மதிலுக்கு மேலே திரேசியாச் சேச்சியின் தலை தெரிந்தது.

"நூறு ரூபா! கிளீட்டஸே, எனக்குத்தான் தரணும்! ஆய்ஞ்சு தரணும்!"

கிளீட்டஸ் பிரிஜித்தாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நூறு மூணு தரம்," என்றான்.

ஏலம் ஏலம்தான். சட்டி மதிலைத் தாண்டிப் போனது. அவன் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டான்லி முதலாளி வீட்டுக்கு நடந்தான். அன்று மத்தியானம் கப்பைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள வெறும் மிளகாய்ச் சம்மந்தித் துவையல்தான் இருந்தது. பிரிஜித்தா அதற்கு ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.