கடைசிக் காணிக்குப் போன குறுஞ்செய்தி

ஒரு மத்தியானத் தூக்கத்துக்காக, அடுத்தவரின் நெல்வயலைக் காயவிடப் பார்த்தவன் நான். அச்சில் ஒப்புக்கொள்ள வெட்கம்தான். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த வெட்கத்தை உங்களிடம் மட்டும் மறைத்து என்ன பயன்?

போன வெயில்காலச் சிறுபோக விதைப்பில், விசுவமடுப் பக்கத்தில் நடந்தது. எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்கு நான் செயலாளர். நாலு புத்தகம் வாசித்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது. குளத்தில் தண்ணீர் குறைவு என்பதால், எந்தக் காணிக்கு எந்த நாள் தண்ணீர் என்ற முறைப் பட்டியல் என் பொறுப்பு. அதை ஓர் ஏஐ உதவியாளரிடம் ஒப்படைத்தேன். அதன் கையில் மூன்று கருவிகள்: அங்கத்தவர் அனுப்பும் செய்திகளை வாசிக்கும், பட்டியலைத் திருத்தும், என் பெயரில் எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "செய்யலாமா?" என்று கேட்கும். இரண்டு நாள் "ஓம்" பொத்தானை அழுத்தினேன். மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகியது. அது விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று கருவிக்கும் "கேட்காமல் செய்" என்று அமைத்துவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்தேன்.

மோட்டார் சைக்கிள் சத்தத்தில்தான் விழித்தேன். முற்றத்தில் என் நண்பர், முகம் வெளிறிப்போய் நின்றார். வாய்க்கால் தொடக்கத்தில் காணி வைத்திருப்பவர். ஒவ்வொரு போகமும், வாய்க்காலின் கடைசிக் காணி அக்காவின் முறையைத் தனக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்பார். "செயலாளர் ஓம் எண்டிட்டார்" என்றும் கூசாமல் சேர்த்துக்கொள்வார். அந்த அக்கா உட்பட எல்லோரும் சிரிப்போம். அது எங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி. இந்தமுறை அதைச் செய்தியாக அனுப்பியிருக்கிறார். சிரிக்கத் தெரியாத ஒன்று அதை வாசித்திருக்கிறது. செயலாளரே ஓம் என்றுவிட்டாரே என்று பட்டியலை மாற்றி, ஊருக்கெல்லாம் அறிவித்தும் விட்டது.

"நான் வழமையாக் கேக்கிறதுதானே அண்ணை. ஆரும் தரமாட்டினம் எண்ட நம்பிக்கையிலதானே கேக்கிறனான்" என்றார். கேட்டது கிடைத்து இவ்வளவு கலங்கிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அக்காவின் நெல் கதிர் தள்ளும் பருவம். மறுநாள் முறை தவறினால் அடுத்தது எட்டு நாள் கழித்துத்தான். அதற்குள் மணி பிடிக்காமல் சப்பியாகிவிடும். அக்காவைத் தொலைபேசியில் அழைத்தோம், எடுக்கவில்லை. நண்பரின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அக்கா வரம்பில் நின்றார். ஏச்சு வாங்கத் தயாராகப் போனவனிடம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நான் உங்களுக்கு ஏதும் பிழை விட்டிட்டனோ?"

செய்தியின் அடியில் இருந்தது என் பெயர். அக்காவுக்கு ஏஐயைத் தெரியாது, என்னைத்தான் தெரியும். வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த தொழில்நுட்ப விளக்கத்தை விழுங்கிக்கொண்டு, "அக்கா, நான் நித்திரையாப் போட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

அங்கிருந்து வாய்க்கால் கதவுகளைத் திறந்து மூடுகிற அண்ணரிடம் ஓடினோம். அவர் ஆறுதலாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அமைப்பின் தலைவரும் நானும் கையெழுத்திட்ட தாள் வராமல் அவர் எந்தக் கதவையும் தொடுவதில்லை. தொலைபேசியில் வந்ததில் கையெழுத்து இல்லை, அதனால் விட்டுவிட்டாராம். மறுநாள் அக்காவின் வயலுக்குத் தண்ணீர் போனது.

அன்று பின்னேரமே தலைவர், அக்கா, நண்பர் எல்லோரும் என் வீட்டில் கூடி, தேத்தண்ணியோடு அந்தக் கருவிகளுக்கு விதி எழுதினோம். அண்ணரின் தாளைத்தான் பார்த்து எழுதினோம் என்று சொல்லலாம். செய்திகளை வாசிக்கக் கேட்கத் தேவையில்லை. ஆனால் செய்திக்குள் யார் என்ன சொன்னாலும் அது தகவல்தான், கட்டளை இல்லை. பட்டியலில் திருத்தம் எழுதி வைக்கலாம், தலைவரும் நானும் சம்மதித்தால்தான் அது செல்லும். ஒருவரின் முறையை அவர் வாயால் சொல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. குறுஞ்செய்தி நான் வாசித்த பிறகே போகும். அடியில் "ஏஐ எழுதியது, செயலாளர் பார்த்தது" என்று போடச் சொன்னது அக்கா.

சோதனை அதிகாரியாக நண்பரையே நியமித்தோம். இதைவிடப் பொருத்தமான ஆள் மாவட்டத்திலேயே கிடையாது. தலைவர் பெயரில், என் பெயரில், ஒருமுறை கோயில் ஐயர் பெயரில்கூட அக்காவின் தண்ணீரைக் கேட்டு எழுதினார். ஒவ்வொரு முறையும் ஏஐ நின்று என்னைக் கேட்டது. தோற்றுக்கொண்டே இருந்ததில் அவருக்கு அப்படியொரு சந்தோசம்.

இன்றைக்கும் "ஓம்" பொத்தானுக்கு மேல் விரல் போனால், வரம்பில் நின்று அக்கா கேட்ட கேள்வி காதில் விழுகிறது. என் பெயரில் போகிற எதுவும் யாரோ ஒருவரின் வாசலில் போய் நிற்கிறது என்பதை அதுதான் எனக்குக் கற்றுத்தந்தது. அறுவடை முடிந்து புது அரிசியோடு வந்த அக்காவிடம் இதைக் கொஞ்சம் உருக்கமாகவே சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓம் தம்பி, அது இப்ப வடிவாக் கேட்டுத்தான் செய்யுதாம். நீங்கள்தான் புத்தகத்தில கண்ணை வைச்சுக்கொண்டு வாசிக்காமல் ஓமை அமத்துறியளாம். உங்கட மனுசி சொன்னவா."