எந்தப் படையிலும் பெயரில்லாத எங்கள் அண்ணா

எங்கள் அண்ணா எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் பலருக்கு அவரை ரொறன்ரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், பனிக்காலத்திலும் ஜக்கெற்றைப் பூட்டாமல் நிற்கும் மெலிந்த மனிதராகத்தான் தெரிந்திருக்கும். அவரது வாழ்வைத் தொடக்கத்திலிருந்து சொல்லக்கூடியவள் இப்போது தங்கையாகிய நான் ஒருத்திதான். ஆகவே எழுதுகிறேன்.

அண்ணா ஊர்காவற்றுறைக்கு அருகே கடலோரக் கிராமமொன்றில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் ஐயா நெருப்புக் காய்ச்சலில் இளவயதிலேயே காலமாகிவிட்டார். தம்பி தங்கைகளுக்காகப் படிப்பை விட்டுக் கொழும்புக்குப் போன அண்ணா, பிரித்தானியச் சரக்குக் கப்பலொன்றில் கொதிகலனுக்குக் கரி போடும் வேலையில் சேர்ந்தார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. படைகளுக்கான உணவையும் வெடிமருந்தையும் ஏற்றிச் சென்ற அந்தக் கப்பலை, அரபிக் கடலில் எதிரி நாட்டு நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது.

கப்பல் போன செய்தி மட்டும் ஊருக்கு வந்தது. ஆள் தப்பியதாக ஒரு சொல்லும் வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பெரியவர்கள் சொன்னபடி அம்மா அண்ணாவுக்கு அந்தியேட்டிக் கிரியையும் செய்துவிட்டார். அதற்குப் பிறகொரு நாள் பகலில், யாரோ கொடுத்த பெரிய காற்சட்டையும் தானுமாக அண்ணா வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றார். ஆபிரிக்கக் கரையோர ஆசுபத்திரி ஒன்றில் அவ்வளவு காலமும் கிடந்தாராம். கிரியை செய்து முடித்தவரை அப்படியே வீட்டுக்குள் எடுக்கக்கூடாது, புதிதாகப் பிறந்தவராகக் கருதிப் பெயர் வைக்க வேண்டும் என்றார் குருக்கள். மீசை வைத்த அண்ணாவை அம்மா மடியில் இருத்தி, காதில் பெயரைச் சொன்னார். அண்ணா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சிறுமியாக இருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அதன் பின்னர் அண்ணா கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்த்து எங்கள் எல்லோரையும் கரைசேர்த்தார். தனக்கென்று ஒரு குடும்பத்தைத் தேடிக்கொள்ளவில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தது. அண்ணாவின் கப்பல் வேலைக்கான பத்திரங்களும் அதோடு போயின. சில ஆண்டுகளின் பின் அவரும் விதவையாகிவிட்ட நானும் என் மகளிடம் ரொறன்ரோ வந்து சேர்ந்தோம்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வெள்ளைக்கார முதியவர் தனியே வசித்தார். அவரும் யுத்த காலத்தில் சரக்குக் கப்பலில் இருந்தவர். இருவருக்கும் பொதுவான மொழி குறைவு. ஆனாலும் மாலை வேளைகளில் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பார்கள். யுத்தத்தில் சரக்குக் கப்பலோடியவர்களையும் இப்போது படைவீரர்களாகக் கனடா அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது, அவர்கள் இறந்தால் இறுதிக்கிரியைக்கு உதவியும் செய்கிறது என்று அந்த முதியவர்தான் அண்ணாவுக்குச் சொன்னார். அண்ணாவின் ஈரலில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் எங்களுக்கு அறிவித்திருந்த நேரம் அது.

“ஒருக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ, கேட்டுப் பாப்பம்” என்றார் அண்ணா.

“உங்கட காரியத்தை நாங்கள் பாக்க மாட்டமோ அண்ணை? உதுக்கேன் அலையிறியள்?” என்று கேட்டேன்.

“காசுக்கில்லைப் பிள்ளை. கப்பல் கடலுக்குள்ள தாண்ட பிறகு வள்ளத்துக்குள்ள என்ர மடியில ஒருத்தன் செத்தவன். வங்காளத்துச் சிற்றகொங் பக்கத்துப் பெடியன், குசினியில சமைக்க நிண்டவன். நாங்கள்தான் அவனைக் கடலுக்குள்ள விட்டனாங்கள். அவனை ஒரு இடத்திலயும் எழுதி வைச்சிருக்க மாட்டாங்கள். என்னை எண்டாலும் எழுதட்டும்.”

அத்தனை வருடங்களில் அந்தப் பெடியனைப் பற்றி அண்ணா வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

மகள் வேலைக்கு லீவு போட்டு, படைவீரர் நலன் பார்க்கும் அலுவலகத்துக்குக் கூட்டிச் சென்றாள். கீழ்வீட்டு முதியவரும் வந்தார். அந்த அலுவலகத்தில் இருந்த பெண் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். எந்தப் படையில் இருந்தவர் என்று கேட்டார். படையில் இல்லை, சரக்குக் கப்பல் என்றோம். கனடாக் கப்பலா என்றார். பிரித்தானியக் கப்பல் என்றோம். அப்படியானால் நேச நாட்டுப் படைவீரராகக் கருத முடியுமா என்று பார்க்கலாம், ஆனால் யுத்தத்துக்கு முன் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள் இங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்றார். அண்ணாவுக்கு அந்த ஆண்டுகள் நிறையவில்லை. நிறையும்வரை அவர் இருக்கப்போவதுமில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கப்பலில் இருந்ததற்கு ஆதாரமும் இல்லை. கூட இருந்தவர் எவராவது உயிரோடு இருக்கிறாரா என்று அவர் கேட்டபோது மகளுக்கு அதைத் தமிழில் சொல்ல மனம் வரவில்லை.

“என்னவாம்?” என்றார் அண்ணா.

“நீங்கள் அதுக்குள்ள வரமாட்டியளாம் மாமா.”

“அப்ப நான் ஆராம்? ஒருக்கா கேள்.”

“மாமா, அதை எப்பிடிக் கேக்கிறது?”

“கேளன் பிள்ளை.”

மகள் கேட்டாள். அந்தப் பெண் மெல்லப் பதில் சொன்னார்.

“சிவிலியன், சண்டையில சேராத ஆள் எண்டு சொல்லுறா மாமா.”

“சிவிலியன் எண்டால் எங்கட கப்பலுக்கு ஏன் அடிச்சவன்?”

மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. கீழ்வீட்டு முதியவர் மேசையில் தட்டிக் கோபமாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலிடத்தில் எழுதிக் கேட்கிறேன் என்றார். அவரில் குற்றமில்லை. யாரில் குற்றமென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன் பின் அண்ணா விரைவாக மெலிந்தார். ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, “அந்தப் பிள்ளை மறுமொழி சொன்னவவோ?” என்று கேட்பார். “இன்னும் இல்லை அண்ணை” என்பேன். “பாவம், அவ என்ன செய்வா” என்று கண்களை மூடிக்கொள்வார். அவருடைய கால்களைத் தடவிக்கொண்டிருப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பனி உருகத் தொடங்கிய பங்குனி மாதக் காலையொன்றில் அண்ணா அமைதியாகச் சிவபதம் அடைந்தார்.

இறுதிக்கிரியை நாளில் கீழ்வீட்டு முதியவர் தன் பதக்கங்களை அணிந்து, கப்பற்கொடியொன்றைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அண்ணாவின் மேல் போர்த்தலாமா என்று கேட்டார். போர்த்தச் சொல்ல எங்களுக்கு விருப்பம்தான். ஆனால் போர்த்தலாமா கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை, மண்டபத்துப் பொறுப்பாளரும் தயங்கினார். முதியவர் கொடியை மடித்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு, தேவாரம் முடியும்வரை நின்றார். மேலிடத்து மறுமொழி அண்ணாவின் முப்பத்தோராம் நாளுக்குப் பின்னர் வந்தது. முன்பு சொன்னதைத்தான் அதுவும் சொன்னது.

அண்ணாவின் நோய்க்காலத்தில் சமைத்துக் கொண்டுவந்து தந்த அயலவர்கள், ஆசுபத்திரிக்கு முகம் சுளிக்காமல் கார் ஓட்டிய எங்கள் கட்டடத்துத் தம்பிமார், ஆறுதலாகப் பராமரித்த தாதியர், அண்ணாவுக்குப் பிள்ளையாக நின்று கொள்ளி வைத்த என் மகன், கிரியைகளை நிறைவாக நடத்திய குருக்கள், கடைசிவரை துணைநின்ற கீழ்வீட்டு ஐயா, எங்களுக்காக எழுதிக் கேட்ட அந்த அலுவலகப் பெண்மணி ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நன்றி சொல்லும் இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். கார்த்திகையில், யுத்தத்தில் இறந்தவர்களை இந்நாட்டவர் நினைவுகூரும் நாளன்று, நானும் மகளும் செவ்வந்திப் பூக்கள் வாங்கிக்கொண்டு நகரிலுள்ள நினைவுத்தூணுக்குப் போனோம். மழை தூறியது. ஊதுகுழல் ஊதி முடிந்ததும், படைவீரர்களின் குடும்பத்தவர் முன்னே வந்து மலர் வைக்கலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சனங்கள் எங்களை விலக்கிக்கொண்டு முன்னே போனார்கள்.

“அம்மா, நாங்களும் போகலாமோ?” என்று மகள் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை. கூட்டம் கலையும்வரை நின்ற இடத்திலேயே நின்றோம். பிறகு பஸ் எடுத்து வீட்டுக்கு வந்து, அந்தப் பூக்களை அண்ணாவின் படத்துக்கு வைத்தோம்.

அண்ணாவின் ஆத்மா சாந்தியடைய எங்களோடு சேர்ந்து வேண்டிக்கொள்ளுங்கள்.

தங்கை