பீலித் தண்ணீரும் ஒரு சூடச் சத்தியமும்

பீலித் தண்ணீர் தலையில் விழும்போது முதலில் குளிர் தெரியாது. காதுதான் அடைத்துக்கொள்ளும். அப்புறம் பல் ஆடும்... அப்புறம் முழங்கால். டிக்கோயாப் பக்கத்து மலை ஓடையிலிருந்து தகரப் பீலி வழியே கொட்டுகிற தண்ணீர் அப்படி.

ஹட்டன் கடைவீதியில் வளர்ந்த எனக்கு அந்தக் குளியல் வாய்த்தது இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகுதான். அதுவும் தண்டனையாக!

கொழும்பில் நல்ல இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த நேரம். கரண்ட் கம்பி எட்டாத லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஓடைத் தண்ணீரிலிருந்து வெளிச்சம் கொடுக்க வேண்டும், அதையே தொழிலாக நடத்த வேண்டும் என்று ஒரு பைத்தியம்.

அப்பாவுக்கு ஹட்டனில் புடவைக் கடை. "ஊரான் புள்ளைங்க எல்லாம் கடல் தாண்டிப் போறாங்க. எம் மவன் ஓடையில எறங்கியிருக்கான்" என்று வருகிற கஸ்டமரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்குள் வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்து மேனேஜர் துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலே ஓடையை மறித்துச் சின்ன அணை, அங்கிருந்து குழாய், லயத்துக்குக் கீழே கரண்ட் எடுக்கிற மெஷின்... பேப்பரில் பார்த்தால் அவ்வளவு அழகு. இந்த முதல் ப்ராஜெக்ட் ஓடினால்தான் அடுத்ததைப் பற்றி வாய் திறக்க முடியும். ஓடாவிட்டால் அப்பா கடையில் புடவை மடிக்க வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் கோட்டை விட்டேன். நான் சர்வே பண்ணப் போன நேரமெல்லாம் ஜனம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத பீலியை யாரோ விட்டுப்போன பழைய தகரம் என்று நினைத்துவிட்டேன். அந்தத் தகரத்தில் வழிகிற தண்ணீரில்தான் மொத்த லயமும் குளித்தது, துவைத்தது. என் குழாய் வந்தால் பீலி காய்ந்துவிடும்.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். மாதர் சங்கத் தலைவி பார்வதி அக்கா எழுந்தார். மலையிலிருந்து நேராக வந்தவர், கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஒங்க வீட்டுல பைப்பு இருக்கு தம்பி. எங்களுக்கு இதான் பைப்பு. லைட்ட போட்டுக்கிட்டு அழுக்கோட ஒக்காந்திருக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது.

"மொதல்ல அதுல ஒரு தடவ குளிச்சுட்டு வாங்க. அப்புறமா பேசுவோம்."

குளித்தேன்... ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆண்கள் வரிசையில், சாரத்தோடு நடுங்கிக்கொண்டு. முறைக்காகக் காத்து நின்றபோதுதான் அந்த பீலியை நம்பி எத்தனை குடும்பம் என்று கண்ணில் பட்டது.

ப்ளானை மாற்றினேன். அணைச் சுவரின் அடியில் பீலிக்கு ஒரு ஓட்டை. அதற்கு மேலேதான் மெஷினுக்குப் போகிற குழாய். தண்ணீர் குறைந்தால் முதலில் மெஷின்தான் காயும்.

"வாயால சொன்னா போதுமா?" என்றார் பார்வதி அக்கா. கோயில் வாசலில் சூடம் கொளுத்தினார்கள். பீலித் தண்ணீரில் கை வைக்க மாட்டேன் என்று எரிகிற சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகு பாருங்கள்... சிமெந்து மூட்டை தூக்க நான் ஆள் தேடவே இல்லை. சிரமதானம் என்று லயமே திரண்டு வந்தது. முதல் பல்ப் எரிந்த மாலை, பிள்ளைகள் போட்ட சத்தம் பக்கத்துத் தோட்டத்துக்கே கேட்டிருக்கும்.

மாசி வந்தது. மழை இல்லை. ஓடை மெலிந்தது, பல்ப் எல்லாம் மங்கிச் சிவந்தது. பொழுது சாய்ந்ததும் பீலி ஓட்டையைக் கொஞ்ச நேரம் அடைத்தால் போதும், வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் சத்தியம்! கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஒரு சாயங்காலம் மெஷின் அறையில் உட்கார்ந்து, மழை வரும்வரை கரண்ட் இல்லை என்பதை எந்த முகத்தோடு சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மெஷின் சத்தம் ஏறியது. தலைக்கு மேல் பல்ப் பளிச்சென்று எரிந்தது. வெளியே ஒரு துளி மழை இல்லை.

மூச்சு வாங்க மேலே ஓடினேன். அணையடியில் பார்வதி அக்காவும் நாலைந்து பெண்களும். எல்லோருக்கும் ஈரத் தலை. பீலி ஓட்டையில் ஒரு சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

"அக்கா... நான் சத்தியம் பண்ணியிருக்கேனே..."

"பண்ணுனது நீங்கதானே? நாங்களா பண்ணுனோம்?" என்றார் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே. "நாங்க குளிச்சு முடிச்சாச்சு. புள்ளைங்க படிக்கட்டும். படுக்கப் போறப்ப சாக்க எடுத்து விட்டுர்றோம்."

அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மழை வரும்வரை தினமும் அப்படித்தான் நடந்தது. அப்பாகூட ஒருநாள் வந்து பார்த்தார். அதோடு கடையில் கதை மாறிவிட்டது. "ஓடையிலேருந்து கரண்ட் எடுக்குறான்ல, அது எம் மவன்தான்!"

இப்போது அந்த லயத்துக்கு ரோட்டுக் கம்பியிலேயே கரண்ட் வந்துவிட்டது. எங்கள் கம்பனியும் வளர்ந்துவிட்டது. ஃபெக்டரிக் கூரையில் சோலார், ஏசி ரூமில் மீட்டிங், கலர் கலராக ஸ்லைட்... எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. யாரும் என்னைக் குளித்துவிட்டு வரச் சொல்வதில்லை. அது கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் றொசல்லப் பக்கம் ஒரு ஓடைக்காக லயத்தில் கூட்டம். எங்கள் இளம் இன்ஜினியர் படம் போட்டு அழகாக விளக்கினான். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"எல்லாம் சரிங்க சேர். எங்க பீலிக்கு என்னா வழி?"

எங்கள் பையன்கள் முகம் வாடிவிட்டது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் எதிரே போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க தங்கச்சி..."

இந்த ப்ராஜெக்ட் ஓடிவிடும் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.