மீசைக்காரர் மேல் ஒரு வழிப்பறி வழக்கு

போடியில் நான் தனியாக வக்கீல் ஆபீஸ் போட்ட பிறகு வந்த முதல் பெரிய வழக்கு அது. அதுவரை வரப்புத் தகராறும் ஜாமீன் மனுவுமாக ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் ராசிங்காபுரத்துப் பெண். கணவர் குரங்கணி மலைக்கு ஜீப்பு ஓட்டுபவர். வழிப்பறி செய்ததாக அவரைப் பிடித்து ரிமாண்டில் வைத்திருந்தார்கள்.

குரங்கணியிலிருந்து ஏலக்காய் மூட்டையோடு பைக்கில் இறங்கிய ஒரு வியாபாரியை, காலை பத்தரை மணிக்கு ஜீப்பில் வந்தவன் மறித்திருக்கிறான். கத்தியால் கையைக் கீறிவிட்டு மூட்டையைப் பறித்துப் போய்விட்டான். வியாபாரி சொன்ன ஒரே அடையாளம் பெரிய மீசை. ஜீப்பு ஸ்டாண்டில் மீசை என்றால் இவர்தான். நெற்றியில் ஒரு தழும்பு வேறு. மலையில் கரடியோடு மல்லுக்கட்டியதில் வந்தது என்பார். சொல்லச் சொல்ல அந்தக் கரடி வளர்ந்துகொண்டே போகும்.

சிறையில் அவரைப் பார்த்து, அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் தூங்கினேன் என்றார். யார் சாட்சி என்று கேட்டதற்கு மீசையைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

அவர் மனைவியும் இரண்டு முறை வந்து எதுவும் சொல்லாமல் போனார். கணவர் சத்தியம் வாங்கியிருந்தாராம். மூன்றாம் முறை அழுதுகொண்டே சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு அந்நேரம் நான் இவரோட சர்க்கரை பாக்க பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் வக்கீலம்மா. ஊசிக்குப் பயப்படாத, நான் இருக்கேன்லன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. என் ரத்தத்தப் பாத்தாரு. அம்புட்டுத்தான், பொத்துன்னு விழுந்துட்டாரு."

கரடித் தழும்பைப் பற்றியும் கேட்டுவைத்தேன். மூத்த மகளுக்குக் காது குத்தும்போது மயங்கி விழுந்ததில் பட்டதாம்.

மறுபடி சிறைக்குப் போய், ஆஸ்பத்திரி நர்ஸைச் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறேன் என்றேன். மனிதர் பதறிப்போனார்.

"வேணாம்மா. கொள்ளைக்காரன்னு சொன்னாக்கூட நாலு பேரு பயப்படுவாக. இது வெளிய தெரிஞ்சா ஸ்டாண்டுல எப்படி நிக்கிறது?"

"உள்ள போயிட்டா ஸ்டாண்டே கெடையாதுண்ணே. அடுத்த தடவ உங்க வீட்டுக்காரம்மா ஊசி போடப் போனா, யாரு கையப் புடிப்பா?"

மீசையைத் தடவப் போன கையை இறக்கிக்கொண்டார். பிறகு சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஜாமீன் கிடைத்தது. வாய்தா மேல் வாய்தாவாகப் போய் விசாரணையும் வந்தது. வியாபாரி நேர்மையான மனிதர். மீசையைத்தான் பார்த்தேன், முகம் சரியாக நினைவில்லை என்று என் குறுக்கு விசாரணையில் ஒத்துக்கொண்டார். அடுத்து எங்கள் சாட்சியாக நர்ஸ் பதிவேட்டோடு ஏறினார். தேதி, நேரம், பெயர், 'ரத்தம் பார்த்து மயக்கம்' எல்லாம் அதில் இருந்தன. கடைசி பெஞ்சு முழுக்க ஸ்டாண்டு டிரைவர்கள்.

அந்த மயக்கம் நடிப்பு என்று அரசு வழக்கறிஞர் சொல்லிப் பார்த்தார். நர்ஸ் அசரவில்லை.

"நடிக்கிறவுக எடம் பாத்து விழுவாக சார். இவரு டிரே மேல விழுந்து, அன்னைக்கு எடுத்த ரத்தம் பூராத்தையும் கொட்டிட்டாரு. அத்தன பேருக்கும் மறுபடி ஊசி போட்டேன்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. அமைதி என்று சொன்ன நீதிபதி, கோப்புக்குள் வைத்த முகத்தைக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. கூண்டில் என் கட்சிக்காரர் தலைகுனிந்து நின்றார். ஜெயிக்கிறோம் என்று தெரிந்தும் நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த கேள்வியை மறந்துவிட்டேன். நல்லவேளை, அது தேவைப்படவில்லை.

விடுதலை என்று தீர்ப்பு வந்த அன்று, வெளியே டிரைவர்கள் அவருக்கு மாலை போட்டார்கள். ஒருவர் சோடாவை நீட்டி, தலை சுத்துதா மாப்ளே என்று விசாரித்தார். முறைக்கப் பார்த்தவர் முடியாமல் சிரித்துவிட்டார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆர்டர் காப்பில அந்த மயங்குன வெசயமும் எழுதிருப்பாகளாம்மா?"

ஒன்றரைப் பக்கத்துக்கு இருக்கிறது என்றேன்.

"அப்ப எனக்குக் காப்பி வேணாம். வாயால சொன்னதே போதும்."

மறுவாரம் அவர் மனைவி வந்து காப்பியை வாங்கிப் போனார். வீட்டில் பேச்சு முற்றும்போதெல்லாம் பீரோவைத் திறந்து அதை எடுக்கிறாராம்.