சேணக்காரம்மாவின் உள்ளங்கை

குதிரையின் முதுகுக்கும் சேணத்துக்கும் இடையில் உள்ளங்கையைச் செருகிக்கொண்டு, கண்களை மூடி நிற்கிறார் சேணக்காரம்மா. கை முன்னாலிருந்து பின்னால் மெல்ல நகர்கிறது. நடுவில் யாராவது வாயைத் திறந்தால், "கொஞ்சம் சும்மா இருங்க, கை கேட்டுக்கிட்டிருக்கு" என்று ஓர் அதட்டல். குதிரைக்கு மட்டும் அந்த அதட்டல் கிடையாது. அது கனைக்கலாம், கால் மாற்றலாம், அவர் தோளை மோந்து பார்க்கலாம்.

ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம், கனத்த தோள்கள், வலது கட்டைவிரலில் எப்போதும் ஒரு தோல் உறை. வளைந்த ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். எங்களுக்குக் கீழ்வீடு அவருடையது. குடிவந்த புதிதில் அறிமுகம் செய்துகொள்ளப் போன என்னை ஏற இறங்கப் பார்த்து, "எப்பவும் இடது பக்கமே சாஞ்சு உக்கார்றீங்களே, இடுப்பு வலிக்குமே?" என்றார். வலித்துக்கொண்டுதான் இருந்தது.

சேணங்களை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டுவது அவர் கணவர். பெரிய பெரிய லாரிகளை மலைப்பாதையில் ஏற்றி இறக்கிய மனிதர். குதிரை என்றால் மட்டும் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். லாய வாசலில் வேனை நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பார். "பிரேக் இல்லாத வண்டிய நான் நம்பறதில்ல" என்பது அவர் கட்சி.

சேணத்தைத் தைத்துக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று சேணக்காரம்மா நினைப்பதில்லை. வாடிக்கையாளர்களோடு அவருக்குச் சண்டை தொடங்குவதே அங்கேதான். சேணத்தின் அடியில், முதுகெலும்புக்கு இரு புறமும் பொருந்துகிற மாதிரி, ஆட்டு ரோமம் அடைத்த இரண்டு மெத்தைகள் உண்டு. ஏறி உட்கார உட்கார ரோமம் அமுங்கும். புதுச் சேணத்தில்தான் அது வேகமாக அமுங்கும். அதனால் விற்ற சில மாதங்களில் அவரே போன் செய்வார்: "அமுங்கியிருக்கும், வந்து பாக்கட்டுமா?" அந்தப் பக்கத்தில், "புதுசுதானேம்மா, அதுக்குள்ள என்ன?" என்பார்கள். "புதுசுங்கறதாலதான் கேக்கறேன்!" என்று இவர் போடும் சத்தம் மாடிவரை கேட்கும்.

அப்படித் தட்டிக் கழித்தவர்களில் குதிரையேற்றம் கற்றுத்தரும் ஆசிரியை ஒருவர். போன மாதம், செவலை என்று அவர் செல்லமாக அழைக்கும் குதிரை அவரைத் தூக்கி எறிந்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது. செய்தி காதில் விழுந்ததும், யாரும் கூப்பிடாமலே சேணக்காரம்மா கிளம்பினார். வேனில் இடம் இருந்தது, நானும் ஏறிக்கொண்டேன்.

லாயத்தை நடத்துபவர் ஆசிரியையின் அண்ணன். எங்களுக்கு அவர் முகம் கொடுக்கவில்லை.

"வீண் அலைச்சல்மா. டாக்டர் பாத்துட்டாரு, உடம்புல ஒரு குறையும் இல்லையாம். குணம்தான் கெட்டுப்போச்சு. நாளைக்கு வண்டி வருது, ஏத்தி அனுப்பிடப் போறேன்."

"அவ அப்படிப்பட்டவ இல்லண்ணா" என்றார் தங்கை, கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி.

"பேச்சு மூச்சில்லாம கெடந்த உன்னத் தூக்கினவன் நான். நீ பேசாத."

சேணக்காரம்மா செவலையின் முதுகை வெறும் கையால் தடவினார். தோளுக்குப் பின்னால் ஓரிடத்தில் விரல் பட்டதும் அதன் தோல் துடித்தது. காதுகள் பின்னால் மடிந்தன. பிறகு சேணத்தை வைத்து உள்ளங்கையைச் செருகினார். பாதி வழியில் கை சிக்கிக்கொண்டது.

"டாக்டர் சொன்னது சரிதான், உடம்புல ஒண்ணுமில்ல" என்றார். "ஆனா கடிக்கிற செருப்பப் போட்டுக்கிட்டு நீங்க எவ்வளவு தூரம் சிரிச்ச முகமா நடப்பீங்க தம்பி?"

சேணம் தைத்தபோது செவலை எலும்பும் தோலுமாக இருந்ததாம். ஆசிரியை ஊட்டிய ஊட்டலில் தோள் திரண்டுவிட்டது. மெத்தையோ அமுங்கி இறங்கிவிட்டது. அவர் இடப்பக்கம் அழுந்தி உட்காருபவர் என்பதால் அந்தப் பக்கம் இன்னும் மோசம்.

"பெத்தவ மாதிரி ஊட்டி வளத்திருக்கே. பிள்ள வளந்தா சட்டை பத்தாதுன்னு தெரிய வேணாமா?"

"நீங்க போன் பண்ணப்பவே வரச் சொல்லியிருக்கணும்மா."

"நானும் கேக்காமலே வந்திருக்கணும். விடு. என் ஊசி எங்க?"

ஆசிரியை அவர் காலரிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தார். விழுந்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

வேனிலிருந்து கனத்த திருகு கருவி வந்தது. கணவரே தூக்கி வந்து, லாய வாசற்படியில் வைத்துவிட்டு ஓட்டமாய்த் திரும்பினார். அதில் சேணத்தின் முன்பக்க இரும்பு வளைவைப் பிடித்து மயிரிழை மயிரிழையாக அகட்டினார் சேணக்காரம்மா. மெத்தையைப் பிரித்து, கட்டி தட்டியிருந்த ரோமத்தைக் கொக்கியால் இழுத்து உதறி, புது ரோமம் சேர்த்து, நீண்ட கம்பியால் உள்ளே தள்ளினார். தள்ளுவார், தடவுவார், முகம் சுளிப்பார், மறுபடி பிடுங்குவார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கை வலித்தது.

"யார் ஏறுறது?" என்றார் கடைசியில், மெத்தையைத் தைத்து மூடிவிட்டு.

ஆசிரியை ஓரடி முன்னால் வந்தார். அண்ணன் அவரை மறித்து, தலைக்கவசத்தைத் தானே மாட்டிக்கொண்டார். வாரைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

அவர் ஏறியதும் செவலை விறைத்தது. வாலைச் சுழற்றி அடித்தது. அடுத்து வலிக்கப் போகிறது என்று காத்திருந்தது போல. பிறகு ஓர் அடி வைத்தது. இன்னும் ஓர் அடி. மைதானத்தைச் சுற்றி வருவதற்குள் கழுத்து மெல்ல இறங்கியது. மூக்கு வழியாக நீளமாக ஒரு பெருமூச்சு. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஓட விட்டும் பார்த்துவிட்டு இறங்கிய அண்ணன், யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் செவலையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, "வண்டி வேணாங்க. குதிரை இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினோம். வாசலில் கணவர் வேனைக் கிளப்பித் தயாராக வைத்துவிட்டார். அடுத்த லாயத்துக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது.

சேணக்காரம்மா சேணத்தைக் கழற்றினார். செவலையின் முதுகு வியர்வையில் ஈரமாகியிருந்தது. சேணம் சமமாக உட்கார்ந்தால் வியர்வையும் சமமாகப் படியுமாம். அழுத்துகிற இடம் மட்டும் உலர்ந்து நிற்குமாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இடது பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் உலர்ந்த திட்டு. அவர் தொட்டுக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது.

"இவ்வளவுதானேம்மா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

வாசலில் ஹாரன் அடித்தது. சேணக்காரம்மா சேணத்தை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் போட்டு முடித்த தையலுக்குள் கத்தரியை நுழைத்தார்.