லூர்துராணி அக்காவின் கண்கள்

நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பாலக்கரையில் அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

லூர்துராணி அக்கா அங்கே பெயின்ட், பிரஷ், கேன்வாஸ் விற்கும் கடை வைத்திருந்தார். கூரியர் பார்சல் போட்டுக்கொண்டிருந்த என்னை ஓவியன் ஆக்கியது அவர்தான். பார்சல் அட்டையில் நான் கிறுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு கரித்துண்டைக் கையில் திணித்தார். "என் மூஞ்சியைப் போடுங்க, பார்ப்போம்" என்றார். கேவலமாக வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு, அதையே கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார். இன்று நான் மாதா கோயில் சுரூபச் சிலைகளுக்கு வர்ணம் தீட்டிப் பிழைக்கிறேன் என்றால், அக்காவால்தான்.

போன வருடம் அக்கா இறந்துபோனார். "மாடிப்படியில மயங்கி விழுந்தாங்க. அப்பவே உயிர் போயிடுச்சு" என்றார் அவர் கொழுந்தன் ஸ்டீபன்ராஜ். கடை அவர் கைக்குப் போனது.

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அக்காவின் படம் வரைய நினைத்தேன். கடைக்கு மேலே அக்கா வரையும் அறை இருந்தது. நான் அதற்குள் போனதே இல்லை. அங்கேயே வரைய ஆசைப்பட்டேன்.

"வீட்டுலயே வரையலாமே பிரிட்டோ?" என்று ஸ்டீபன்ராஜ் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மனமில்லாமல் சாவியைக் கொடுத்தார்.

"கண்ணைக் கடைசியில போடுங்க" என்பார் அக்கா. அப்படியே செய்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படம் முடிந்தது. நேராக என்னைப் பார்க்கும் கண்கள். நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது...

கண்கள் இடப்பக்கம் திரும்பியிருந்தன.

ஸ்டீபன்ராஜ் மேல்தான் சந்தேகம் வந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

"படத்தைத் தொட்டீங்களாண்ணே?"

"நான் ஏன் தொடுறேன்? எனக்கு பிரஷ்ஷே பிடிக்க வராது."

உண்மைதான். அந்தக் கருவிழிகளைப் போட்டது தேர்ந்த கை. ஆனாலும் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எதையோ மறைக்கிறார் என்று பட்டது.

கண்களைச் சரிசெய்தேன். அறையைப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். கீழே வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். இனி எப்படித் தொடுவார், பார்ப்போம்.

வெளியே மழை பிடித்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு மேலே...

டிங். டிங். டிங்.

கண்ணாடிக் குவளையின் விளிம்பில் யாரோ பிரஷ்ஷைத் தட்டித் தண்ணீரை உதறுகிற சத்தம்.

ஸ்டீபன்ராஜ் நிமிரவில்லை. கையை மட்டும் நீட்டி ஃபேனைக் கூட்டி வைத்தார். அந்த மழைக்குளிரில்.

"கேட்குதாண்ணே?"

"எலி."

டிங். டிங்.

மேலே ஓடினேன். பூட்டு போட்டபடியே இருந்தது.

திறந்தேன்.

குவளைத் தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

கண்கள் இடது ஓரத்துக்கே போயிருந்தன. பெயின்ட் காயவில்லை. அவை பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

சுவரோடு ஒட்டி ஒரு மர அலமாரி. வேறொன்றுமில்லை.

படத்தை அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

கீழே ஸ்டீபன்ராஜ் இல்லை. கடை திறந்து கிடந்தது. அவர் செருப்பு வாசலிலேயே இருந்தது. அன்றைக்குப் போனவர்தான். எங்கே இருக்கிறார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

சில வாரம் கழித்துக் கட்டடத்தின் சொந்தக்காரர் போன் செய்தார். இடத்தைக் காலி செய்கிறோம், உங்கள் படத்தை எடுத்துப் போங்கள் என்றார். பட்டப்பகலில்தான் போனேன்.

மாடியில் கொத்தனார் வெள்ளைச்சாமி நின்றுகொண்டிருந்தார். அலமாரியை நகர்த்தியிருந்தார்கள். அதன் பின்னால் ஒரு கதவு. பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய சின்ன அறை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

"நாங்க வந்தப்ப தாழ் போட்டிருந்துச்சு தம்பி. உள்பக்கம் பாருங்க."

கதவின் உள்பக்கம் முழுக்கப் பச்சைப் பெயின்டில், எப்போதோ காய்ந்து வெடித்துப்போன விரல் தடங்கள். தலை உயரத்தில் தொடங்கி... கீழே... இன்னும் கீழே...

தரைக்குப் பக்கத்தில் இருந்தவற்றில் பெயின்ட் இல்லை. அங்கே நகத்தால் மரத்தையே கீறியிருந்தது.