ஏரிக்கரை வழியாக அலோனுக்கு

அலுவலக ஃபெரி நின்றுபோன பிறகுதான் நான் சைக்கிளில் ஏறினேன். யாங்கோனில் ஃபெரி என்றால் படகு இல்லை. வேலைக்குப் போகிறவர்களை வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போகும் வேன். டீசலுக்குத் திண்டாட்டம் வந்ததும் முதலாளி முதலில் கைவைத்தது அதில்தான். பஸ் படிக்கட்டில் தொங்குகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. பாங்காக்குக்கு வேலைக்குப் போய்விட்ட மகளின் சைக்கிள் வீட்டுப் பின்கட்டில் தூசி பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து, காற்றடித்து, கட்டியிருந்த தமேய்ன் லுங்கியைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற பெண் சைக்கிள் ஓட்டுவதைத் தெருவே நின்று பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் வீடு தின்கன்ஜூனில். அலுவலகம் அலோனில், ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கு நடுவே. கிழக்கிலிருந்து மேற்கே நகரத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும். தாமுவே சந்தை வரைக்கும் மீன் தண்ணீர், கீரைக் கூடை, ஹாரன், வசவு எல்லாம் உண்டு. சந்தையைத் தாண்டிக் கண்டோஜி ஏரிப் பக்கம் திரும்பினால் காற்றே வேறாகிவிடும். தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலே கைகோத்து நிற்கும். கரையில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யும் பெண்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற ஓய்வுபெற்ற ஐயாமார்கள், தண்ணீரில் தலைகீழாகப் பொன்னாக நிற்கும் பகோடா. மிருகக்காட்சிசாலை மதிலை ஒட்டிப் போகும்போது உள்ளே குரங்குகள் ஒன்றை ஒன்று கூவி எழுப்பிக்கொண்டிருக்கும். அப்புறம் பெரிய பூங்காவின் ஓரமாக நிழலிலேயே ஒரு நீளப் பாதை. அதற்குப் பிறகுதான் லாரிகளும் அலோனும்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். இத்தனை வருஷமும் இதையெல்லாம் வேன் கண்ணாடி வழியாக, பக்கத்து சீட்டுக்காரியின் மருமகள் புராணத்தைக் கேட்டுக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன். மழைக்கு முந்தின நாட்களில் அந்த மரங்களிலிருந்து ஒரு வாசனை வரும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

வீட்டில் எனக்கு முதலாளி கரண்டுதான். அது எந்த நேரம் வருகிறதோ அந்த நேரம் எழுந்து தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும், துணி தேய்க்க வேண்டும். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. நாள் முழுக்க யாராவது தலைமாட்டில் நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்தச் சைக்கிள் நேரம் ஒன்றில்தான் என்னை யாரும் கூப்பிட முடியாது. போனைக்கூட அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவேன். அலுவலகம் போனபின் அதைத் திரும்பப் போட எனக்கு ஞாபகமே வராது. அந்த நேரத்தை எவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்தேன் என்று சொல்ல இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வேலைக்குப் போகிற வழிதானே என்பார்கள்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு மழைநாளில் வேட்டு விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் சரக்குக் காகிதங்களைப் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கிறிஸ்தவத் தமிழர், தாமுவேக்காரர், பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். ஏரிக்கரையில் நான் நனைந்துகொண்டு மிதிப்பதைப் பார்த்துக் காரை நிறுத்தி, சைக்கிளை டிக்கியில் ஏற்றி, என்னை அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கினார். நல்ல மனுஷர், நன்றி சொன்னேன். மறுநாள் காலை அவர் கார் எங்கள் வாசலில் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது.

தாமுவேயிலிருந்து நேராக மேற்கே போக வேண்டியவர், எனக்காகக் கிழக்கே வந்து திரும்பிப் போகிறார். பெட்ரோல் வரிசையில் அவர் நிற்கிற நிலையில் இது என்ன கூத்து? வேண்டாம் என்று சொன்னேன்.

"இதில என்னம்மா இருக்கு, ஏறுங்க" என்றார்.

"இல்லண்ணே, நெசமாவே எனக்கு சைக்கிள்தான் புடிச்சிருக்கு."

"அப்படித்தான் சொல்லுவீங்க. ஆனாடே பார்க்காதீங்க."

இந்த ஆனாடே எங்களை ஆட்டிவைக்கிற பர்மிய வார்த்தை. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே, முகம் வாடிவிடுமே என்று நெஞ்சுக்குள் வருகிற கூச்சம். இங்கே யார் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. கொடுக்கிறவரும் அதைக் காதில் வாங்காமல் மறுபடி நீட்டுவார். இரண்டு மூன்று தடவை மறுத்துவிட்டு வாங்கிக்கொண்டால் எல்லோருக்கும் திருப்தி. அப்படி இருக்கிற ஊரில் நிஜமாகவே வேண்டாம் என்பவள் அதை எந்த வார்த்தையில் சொல்வது? நான் எத்தனை தடவை மறுத்தேனோ அத்தனைக்கத்தனை பண்பான பெண்ணாக அவருக்குத் தெரிந்தேன்.

மழைக்காலம் பாதிக்கு மேல் இப்படியே போனது. சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஏரி கண்ணாடிக்கு அப்பால் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. குரங்குகள் கூவினவா என்றுகூடத் தெரியாது. மழைக்காகக் கண்ணாடியை ஏற்றியிருப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். உபகாரம் செய்கிறவர் மேல் ஆத்திரப்படுகிறோமே என்று என் மேலேயே இன்னொரு ஆத்திரம் வரும். அவரும் காலையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டியதை நான் கவனித்துத்தான் இருந்தேன்.

ஒரு நாள் எப்படியோ வாய் திறந்துவிட்டது. ஏரி வளைவில் வரும்போது, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாளையிலேர்ந்து கார் வந்தாலும் நான் ஏற மாட்டேன். மரியாதைக்குச் சொல்லல. இந்த வழியில தனியாப் போனாத்தான் எனக்கு மனசு நல்லாருக்கு" என்றேன். 

அவர் வண்டியை ஓரங்கட்டினார். 

"எனக்கும் முடியலதான்மா. விடியுமுன்ன எந்திரிக்கிறதும் பெட்ரோலுக்கு நிக்கிறதும் ஒடம்புக்கு ஆகல. ஆனா ஒங்க வீட்டுக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

"அவருக்கா?"

"மழை பெஞ்ச அன்னைக்கு ராத்திரியே வந்து கேட்டாரு. ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னாரு. ரொம்பக் கெஞ்சிட்டாரும்மா. நான் எப்படி மாட்டேங்கிறது?"

அன்றைக்கு வேலையில் ஒரு கூட்டலும் சரியாக வரவில்லை. கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். என் கணவர் வீட்டு முன்கட்டில் சார்ஜ் விளக்கும் பேட்டரியும் விற்கிற ஒரு கடை வைத்திருக்கிறார். ஒரு விளக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஏங்க, நான் என்ன சின்னப் பிள்ளையா? எனக்குத் தெரியாம ஆள் வச்சு அனுப்புறீங்க."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. "காலம் எப்படிக் கெடக்குன்னு ஒனக்குத் தெரியாதா? ரோட்ல நிறுத்தறான், பையப் பறிக்கிறான், லாரி ஏத்தறான்."

"அத என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ சைக்கிள விட்ருவியா?"

விட்டிருக்க மாட்டேன்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

அவர் தலை குனிந்தபடியே பேசினார். "நீ சைக்கிள்ல போன நாளெல்லாம் போன் போட்டுப் பார்ப்பேன். அணைச்சிருக்கும். போய்ச் சேர்ந்திருப்பாளா, வழியில கெடக்குறாளான்னு ஒண்ணும் தெரியாது. ஷட்டரப் பாதி தூக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். ஒனக்கு ஏதாச்சும்னா ஓடணுமே, கடையத் தொறந்து போட்டுட்டு எப்படி ஓடறது? இந்த வீட்ல ஏற்கெனவே மக இல்ல."

கடையைத் தாமதமாகத் திறக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னபோது, ஐயாவுக்குத் தூக்கம் தெளியாது என்று நான் சிரித்திருக்கிறேன். எனக்கு நாளிலேயே நல்ல நேரமாக இருந்தது அவருக்குப் பொல்லாத நேரமாக இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் படுத்து எழுந்திருக்கிற இரண்டு பேருக்கு இது தெரியவே இல்லை.

ஆனாலும் சைக்கிளை விடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது பொய்யாக இருந்திருக்கும். அழுகையும் வந்தது, பிடிவாதமும் விடவில்லை.

"நாளைக்கு சைக்கிள்லதான் போவேன்" என்றேன்.

அவர் விளக்கை மூடித் திருகு ஆணியைப் போட்டார். "போ" என்றார்.

அந்த அண்ணனுக்கு ராத்திரியே அவரே போன் செய்து வர வேண்டாம் என்று சொன்னார். காலையில் நான் சைக்கிளை வெளியே எடுத்தேன். மழை விட்டிருந்தது. தாமுவே சந்தையில் பழைய வசவுகளை வாங்கிக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தேன். மரங்களிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் நிறைந்து அல்லி இலைகள் கரையோரம் ஏறி நின்றன. மனசு லேசானது, அதை மறைக்க மாட்டேன். போனை மட்டும் அணைக்கவில்லை. மதில் ஓரம், பூங்கா நிழல், இறக்கம் எல்லாம் கடந்து வந்தேன். போன் ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை. கூப்பிடக் கூடாது என்று அவர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

கிடங்கு வாசலில் இறங்கியதும், பூட்டுக்கூடப் போடாமல், நானே அழைத்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"வந்துட்டேன்" என்றேன்.

 அவர் மூச்சு விடுவது கேட்டது. போனை வைக்காமலே எழுந்து போயிருக்க வேண்டும். ஷட்டர் கடகடவென்று முழுசாக மேலே ஏறுகிற சத்தம் அலோன் வரைக்கும் கேட்டது.